கல்லறைக் கல்லில் ‘24 மிச். இன்ஃப்.’ என்று இருந்தால்: ஒரு யூனியன் ரெஜிமென்ட்டின் போர்க்கால வரலாற்றைத் தேடி எடுக்கும் வழி

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே. ஒவ்வொரு மே மாதமும் மெமோரியல் டேக்கு முன்னால் பையனின் ஸ்கௌட் குழு பழைய ராணுவ வீரர்களின் கல்லறைகளில் சின்னக் கொடி நட்டுவிட்டு வரும். பிளிமத் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் அவன் கொடி நட்ட கல்லில் ஒரு பெயரும், அதன் கீழே ‘கோ. சி, 24 மிச். இன்ஃப்.’ (24வது மிச்சிகன் காலாட்படை, கம்பெனி சி) என்ற எழுத்துகளும்தான் இருந்தன. பிறந்த தேதி, இறந்த தேதி எதுவும் கிடையாது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ‘உள்ளூர்ப் போர்வீரர் ஒருவரைப் பற்றி எழுது’ என்று ப்ராஜெக்ட் வந்ததும், இவரையே எடுத்துக்கொள்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கூகுளில் தட்டினால் வந்துவிடும் என்று நானும் தலையாட்டினேன்.

முடிவில் 190 டாலரும் நான்கு மாதமும் போயின. அந்த 190இல் 80 டாலர், இவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பென்ஷன் கோப்புக்குக் கொடுத்தது. ப்ராஜெக்ட் மே மாதம் போனது, சரியான கோப்பு ஜூனில் வந்தது. அதன் பிறகு இங்கே இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் இதே ப்ராஜெக்ட்டோடு வந்து கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

இது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில், அதாவது யூனியன் படையில் இருந்த தன்னார்வக் காலாட்படை ரெஜிமென்ட்களுக்கான வழி. உதாரணம் முழுக்க எங்கள் 24வது மிச்சிகன்தான். உங்கள் மாநிலத்துக்குப் புத்தகப் பெயர்கள் மாறும், வரிசை மாறாது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ரெஜிமென்ட், அப்புறம்தான் ஆள். நான் தலைகீழாகச் செய்தேன், அதற்குத்தான் அந்த 80 டாலர்.

1. கல்லை ஒழுங்காகப் படியுங்கள்

அரசாங்கம் கொடுத்த பழைய கற்களில் கேடய வடிவில் ஒரு குழிவு இருக்கும். அதற்குள் எழுத்து புடைப்பாக நிற்கும். நூற்றுச் சொச்சம் வருஷ மழையிலும் பனியிலும் அந்தப் புடைப்பு தேய்ந்துபோயிருக்கும். இதில் ஆளைக் கவிழ்க்கும் இடம் கம்பெனி எழுத்து. ‘சி’யும் ‘ஜி’யும் தேய்ந்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். இங்கிலீஷில் அந்த இரண்டு எழுத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், புரியும். நான் இரண்டு வாரம் ‘ஜி’ கம்பெனியில் தேடிக்கொண்டிருந்தேன்.

காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள். வெயில் இல்லையென்றால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைச் சாய்வாகக் கல்லின்மீது திருப்பி, போட்டோ எடுங்கள். புடைப்புக்கு நிழல் விழுந்ததும் எழுத்து எழுந்து வரும். சாக்பீஸ் தேய்ப்பது, ஷேவிங் க்ரீம் பூசுவது எல்லாம் யூட்யூபில் காட்டுவார்கள், அதைச் செய்யாதீர்கள். கல் கெட்டுப்போகும், தோட்டக்காரர்களிடம் பேச்சும் வாங்க வேண்டிவரும்.

ஒரு காலாட்படை ரெஜிமென்ட் என்றால் பத்துக் கம்பெனி, கம்பெனிக்குச் சுமார் நூறு பேர். ‘ஏ’யில் தொடங்கி ‘கே’ வரை எழுத்து வைப்பார்கள், நடுவில் ‘ஜே’ கிடையாது. கையெழுத்தில் ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். உங்கள் கண்ணுக்கு ‘ஜே’ கம்பெனி தெரிந்தால் அது ‘ஐ’ கம்பெனி.

2. எண்ணோடு மாநிலத்தையும் படைப்பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள்

‘24வது ரெஜிமென்ட்’ என்று மட்டும் தேடினால் விஸ்கான்சின், இன்டியானா, நியூயார்க் என்று எல்லா ஊர் 24உம் வந்து நிற்கும். ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தனியாக ஒன்றிலிருந்து எண் போட்டது. காலாட்படைக்கு ஒரு வரிசை, குதிரைப்படைக்கு ஒரு வரிசை, பீரங்கிப்படைக்கு இன்னொன்று. ஆகவே நோட்டில் முதல் வரியாக ‘24வது மிச்சிகன் காலாட்படை, கம்பெனி சி’ என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

பெயர் மாறிய ரெஜிமென்ட்களும் உண்டு. டெட்ராய்ட்டில் சேர்க்கப்பட்ட 1வது மிச்சிகன் கறுப்பினக் காலாட்படை 1864 மே மாதம் 102வது யு.எஸ். கலர்டு ட்ரூப்ஸ் ஆனது. கல்லில் ‘102 யு.எஸ்.சி.டி.’ என்று இருக்கும். மிச்சிகன் என்ற சொல்லே அதில் இருக்காது. மிச்சிகன் பட்டியலில் ஆளைக் காணோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் இப்படி இருக்குமோ என்று ஒரு தடவை பாருங்கள்.

3. இலவசச் சுருக்கத்திலிருந்து தொடங்குங்கள்

செலவு: ஒன்றுமில்லை. நேரம்: ஒரு சாயங்காலம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் ‘சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்’ என்ற தேடுபக்கம் இருக்கிறது. இரு தரப்பிலுமாகச் சுமார் 63 லட்சம் பெயர்ப் பதிவுகள். ஆளின் பெயர், ரெஜிமென்ட், கம்பெனி, சேரும்போதும் வெளியேறும்போதும் என்ன பதவி என்பது மட்டும் வரும். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று தடவை வருவது சகஜம். மூன்று அண்ணன் தம்பிகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ரெஜிமென்ட் பெயரைச் சொடுக்கினால் அதன் சேவைச் சுருக்கம் வரும். ஃபிரெடரிக் டையர் என்பவர் 1908இல் வெளியிட்ட பெரிய தொகுப்பிலிருந்து வந்த சுருக்கம் அது. யூனியன் ரெஜிமென்ட் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பத்தி இருக்கும். தந்தி நடையில் இருப்பதால் முதலில் கண்ணைக் கட்டும். நான்கு பகுதியாகப் பிரித்துப் படியுங்கள்.

முதல் வரி, எங்கே எப்போது சேர்க்கப்பட்டது. 24வது மிச்சிகன் 1862 ஆகஸ்ட் 15 அன்று டெட்ராய்ட்டில் மஸ்டர்-இன் ஆனது, அதாவது மத்திய அரசின் படையில் முறைப்படி ஏற்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் வாஷிங்டனுக்குக் கிளம்பியது.

அடுத்தது ‘அட்டாச்டு’ என்று தொடங்கும் வரி. எந்த பிரிகேட், எந்த டிவிஷன், எந்த கோர், எந்த மாதம் வரை. சில ரெஜிமென்ட் சேர்ந்தால் பிரிகேட், சில பிரிகேட் சேர்ந்தால் டிவிஷன், சில டிவிஷன் சேர்ந்தால் கோர். பையன்கள் இதைத் தாண்டிவிடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். பின்னால் அரசு அறிக்கைகளில் ரெஜிமென்ட்டைக் கண்டுபிடிக்க இதுதான் முகவரி. எங்கள் ரெஜிமென்ட் முதலில் 1வது கோரில் இருந்தது. 1864 மார்ச்சில் அந்த கோரையே கலைத்து 5வது கோரோடு சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் 1வது கோரில் தேடிக்கொண்டிருந்தால் எதுவும் கிடைக்காது.

மூன்றாவது, ‘சர்வீஸ்’ என்ற நீண்ட பகுதி: ஃபிரெடரிக்ஸ்பர்க், கெட்டிஸ்பர்க், வில்டர்னஸ், பீட்டர்ஸ்பர்க் முற்றுகை என்று இடமும் தேதியும். கடைசி வரியில் இழப்புக் கணக்கு. 24வது மிச்சிகனுக்கு அது போரில் மாண்ட அதிகாரிகள் 12, வீரர்கள் 177, நோயில் மாண்ட அதிகாரிகள் 3, வீரர்கள் 136, மொத்தம் 328. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காயம் பட்டுப் பிழைத்தவர்களும் சிறைப்பட்டுத் திரும்பியவர்களும் இந்த 328இல் இல்லை. ஆனால் கெட்டிஸ்பர்க்கில் மட்டும் ரெஜிமென்ட் 496 பேரோடு இறங்கி 363 பேரை இழந்தது என்று படிப்பீர்கள். அது செத்தவர், காயம் பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லோரையும் சேர்த்த கணக்கு. ஒரே சண்டையில் 363, போர் முழுக்க 328 என்றால் எப்படி என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் இவ்வளவுதான்: இரண்டு கணக்கும் வேறு வேறு. கட்டுரையில் எதை எழுதினாலும் எந்தக் கணக்கு என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் படியில் நாங்கள் விழுந்த குழியையும் சொல்லிவிடுகிறேன். 24வது மிச்சிகன் புகழ்பெற்ற ‘அயர்ன் பிரிகேட்’டைச் சேர்ந்தது. அயர்ன் பிரிகேட் ஆன்டீடம் சண்டையில் காட்டிய வீரம் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பையன் அதையெல்லாம் எடுத்து நம் ஆளை ஆன்டீடம் சோளக் காட்டில் ஓடவிட்டு இரண்டு பக்கம் எழுதிவிட்டான். லைப்ரரியில் ரெஃபரன்ஸ் மேஜையில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, “தேதியைப் பார்த்தாயா தம்பி?” என்ற பாணியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஆன்டீடம் நடந்தது 1862 செப்டம்பர் 17. எங்கள் ரெஜிமென்ட் அந்த பிரிகேட்டில் சேர்ந்தது அக்டோபரில். இரண்டு பக்கமும் போயிற்று. பிரிகேட்டின் புகழ் வேறு, ரெஜிமென்ட்டின் வரலாறு வேறு.

போரின் மறுமுனையிலும் இதே குழி உண்டு. வடக்குப் படை ரெஜிமென்ட் என்றதும் அது அப்போமாட்டாக்ஸில் தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்ததைப் பார்த்திருக்கும் என்று எழுதத் தோன்றும். 24வது மிச்சிகனை 1865 பிப்ரவரியிலேயே இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு, கேம்ப் பட்லருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரலில் லீ சரணடைந்தபோது இவர்கள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தார்கள். ஆனால் அங்கே இருந்ததால்தான் மே மாதம் லிங்கனின் இறுதி ஊர்வலத்தில் அணிவகுத்தார்கள். ஜூன் 30 அன்று டெட்ராய்ட்டில் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது.

இடப்பெயர்களிலும் உஷாராக இருங்கள். ஒரே சண்டைக்கு வடக்கே ஒரு பெயர், தெற்கே ஒரு பெயர்: ஆன்டீடம்தான் ஷார்ப்ஸ்பர்க், புல் ரன்தான் மனாசஸ். டையர் ‘பொல்லாக்ஸ் மில் க்ரீக்’ என்று எழுதுவதை ரெஜிமென்ட்காரர்கள் ‘ஃபிட்ஸ்ஹ்யூ க்ராசிங்’ என்பார்கள். 1863 ஏப்ரல் கடைசியில் ராப்பஹானக் ஆற்றைக் கடந்த அந்த ஒரே நிகழ்ச்சியை இரண்டு சண்டையாக எண்ணி வைத்திருந்தோம்.

4. மாநிலம் வெளியிட்ட பட்டியல்

இதுவும் இலவசம். போர் முடிந்து சில பத்து வருஷத்துக்குள் வடக்கு மாநிலங்கள் பலவும் ரெஜிமென்ட் வாரியாகப் பெயர்ப்பட்டியல் அச்சிட்டன. மிச்சிகனுடையது 46 தொகுதி. அட்டை நிறத்தை வைத்து ‘பிரவுன் புக்ஸ்’ என்பார்கள். 24வது காலாட்படைக்கு 24வது தொகுதி. பென்சில்வேனியாவுக்கு பேட்ஸ் எழுதிய ஐந்து தொகுதி, நியூயார்க்குக்கு ஃபிஸ்டரர் தொகுத்தது, ஒஹையோவுக்கு 12 தொகுதி ரோஸ்டர். எல்லாம் காப்புரிமை தீர்ந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி ட்ரஸ்ட் என்ற இணைய நூலகங்கள் இரண்டிலும் தேடுங்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். இதே ஸ்கேனை அச்சடித்து 40, 50 டாலருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலில் ஆளுக்கு நான்கைந்து வரி இருக்கும்: எந்த ஊரில் சேர்ந்தார், வயது, மஸ்டர் தேதி, காயம், விடுவிப்பு. சேர்ந்த தேதியும் மஸ்டர் தேதியும் வேறாகத்தான் இருக்கும். முன்னது கையெழுத்துப் போட்ட நாள், பின்னது அரசு ஏற்றுக்கொண்ட நாள். இரண்டில் ஒன்று தப்பு என்று அடித்துவிடாதீர்கள்.

ரெஜிமென்ட்டில் இருந்தவரே எழுதிய வரலாறு கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்களுக்குக் கிடைத்தது, ஓ. பி. கர்டிஸ் 1891இல் வெளியிட்டது. இப்படிப்பட்ட புத்தகங்களில் தங்கள் படை ஓடியதாக எந்த வரியும் இருக்காது. அதைப் பொறுத்துக்கொண்டு தேதிக்கும் முகாம் விவரத்துக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் படித்தால் தங்கம்.

5. அரசு அறிக்கைத் தொகுப்பு: தேடும் சொல்லில்தான் சூட்சுமம்

இரு படைகளின் போர் அறிக்கைகளையும் கடிதங்களையும் அமெரிக்க அரசே 1880 முதல் 1901 வரை 128 புத்தகங்களாக அச்சிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் ‘ஓ.ஆர்.’ என்பார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது, ஹாத்தி ட்ரஸ்டிலும் இருக்கிறது.

மூன்று நாள் நான் ‘24’ என்று எண்ணால் தேடி ஒன்றும் வராமல், இந்த ரெஜிமென்ட்டைப் பற்றி எதுவுமே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். அந்தப் புத்தகங்களில் ரெஜிமென்ட் எண்ணைப் பெரும்பாலும் எழுத்தால்தான் அச்சிட்டிருக்கிறார்கள்: ‘ட்வென்டி-ஃபோர்த் மிச்சிகன்’. அப்படிப் போட்டதும் கொட்டியது. தளபதியின் பெயராலும் தேடுங்கள். எங்களுக்கு அது கர்னல் ஹென்றி மாரோ. மூன்றாம் படியில் எழுதிவைத்த பிரிகேட் விவரம் இங்கேதான் கைகொடுக்கும். ரெஜிமென்ட்டுக்குத் தனி அறிக்கை இல்லாவிட்டாலும் பிரிகேட் தளபதியின் அறிக்கையில் இரண்டு வரி இருக்கும்.

கெட்டிஸ்பர்க் என்றால் முதல் வரிசையின் 27வது தொகுதி. அது மூன்று பாகம். யூனியன் அறிக்கைகள் முதல் பாகத்தில். அறிக்கை கிடைத்ததும் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். சண்டை 1863 ஜூலையில் நடந்தது. மாரோ அறிக்கை எழுதியது 1864 பிப்ரவரியில். முதல் நாள் சண்டையிலேயே காயம் பட்டு எதிரியிடம் பிடிபட்டவர் அவர். ஏழு மாதம் கழித்து எழுதியதை, மறுநாள் எழுதியதைப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

6. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிய குறிப்புகள்

பலரும் தொடாத, எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஆவணம் இது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சம்பளத்துக்காக ஆளெண்ணிக்கை எடுப்பார்கள், அதுதான் மஸ்டர் ரோல். சாதாரண வீரருக்கு மாதம் 13 டாலர் சம்பளம். 1864இல்தான் 16 ஆனது. அந்த ரோலிலேயே ‘ரெக்கார்ட் ஆஃப் ஈவென்ட்ஸ்’ என்று ஓர் இடம் விட்டிருக்கும். கம்பெனி எங்கே முகாமிட்டது, எத்தனை மைல் நடந்தது, எங்கே சுட்டது என்று அதில் எழுதுவார்கள். சில கம்பெனி எழுத்தர்கள் கதைபோல எழுதியிருப்பார்கள், சிலர் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். நம் கம்பெனிக்கு யார் வாய்த்தார் என்பது அதிர்ஷ்டம்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் எம் 594 என்ற மைக்ரோஃபில்ம் வரிசையில் யூனியன் தன்னார்வப் படைகளின் இந்தக் குறிப்புகள் இருக்கின்றன. ரெஜிமென்ட்டின் பொதுக் குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், கம்பெனிக் குறிப்பையும் பாருங்கள். ரெஜிமென்ட் ஓரிடத்தில் இருக்க, ஒரு கம்பெனியை மட்டும் காவலுக்கு வேறிடம் அனுப்பியிருப்பார்கள்.

ஃபோல்ட்3, ஆன்செஸ்ட்ரி போன்ற கட்டணத் தளங்களுக்கு உடனே சந்தா கட்டாதீர்கள். ஊர் லைப்ரரி கார்டு வைத்து லைப்ரரிக்குள் இலவசமாகவே பார்க்க முடிகிற இடங்கள் நிறைய. ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கக் காசில்லை. நான் ஒரு மாதச் சந்தா கட்டிய மறுநாள்தான் எங்கள் லைப்ரரியிலேயே அது இருப்பது தெரிந்தது. அந்தக் காசை 190இல் சேர்க்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

7. இப்போதுதான் ஆளின் கோப்பு

இங்கேதான் காசு போகும், நிதானமாகப் படியுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்திடம் கேட்டு வாங்கும் கோப்பு இரண்டு வகை.

ஒன்று சேவைக் கோப்பு. கேட்கும் படிவம் என்.ஏ.டி.எஃப். 86, நான் வாங்கியபோது 30 டாலர். மஸ்டர் ரோல்களிலிருந்து ஆள்வாரியாகப் பெயர்த்து எழுதிய சின்னச் சின்ன அட்டைகள் ஓர் உறைக்குள் இருக்கும். வயது, உயரம், கண் நிறம், பிறந்த ஊர், தொழில் கிடைக்கும். மனைவி மக்கள் பற்றி எதிர்பார்க்காதீர்கள்.

மற்றது பென்ஷன் கோப்பு. படிவம் 85. முழுக் கோப்பு 80 டாலர், நூறு பக்கத்துக்கு மேல் போனால் பக்கக் கணக்கில் கூடுதல். கல்யாணச் சான்று, பிள்ளைகளின் பிறந்த தேதி, டாக்டர் பரிசோதனை, கூட இருந்தவர்களின் சத்தியப் பிரமாணம் எல்லாம் இதில்தான். தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் மட்டும் போதுமென்றால் 30 டாலருக்கும் ஒரு வழி உண்டு. ஆனால் எந்தப் பக்கம் வரும் என்பது நம் கையில் இல்லை, எனக்கு அது பிடிக்கவில்லை. கட்டணம் மாறக்கூடியது, கார்டு எண் போடுவதற்கு முன் காப்பகத்தின் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் கேட்பதற்கு முன் அட்டவணை அட்டையைப் பாருங்கள். அந்த அட்டைகளின் மைக்ரோஃபில்ம் எண், பெயர் வரிசையில் டி 288, ரெஜிமென்ட் வரிசையில் டி 289. நான் பெயர் வரிசையில் மட்டும் பார்த்தேன். அதே பெயர், அதே மிச்சிகன், கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டிவிட்டேன். ஒன்பது வாரம் கழித்து வந்த கட்டைப் பிரித்தால், முதல் பக்கத்திலேயே குதிரைப்படை. அவருக்கு இடுப்பில் குதிரை உதைத்த காயம், பாவம், அதற்காக முப்பது வருஷம் அரசோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சுவாரஸ்யமான மனிதர்தான், ஆனால் நம் ஆள் இல்லை. டி 289இல் மாநிலம், ரெஜிமென்ட், கம்பெனி என்று அடுக்கியிருப்பதால் இந்தத் தப்பு நடக்க வழியில்லை.

அட்டையில் மனுதாரர் வரிசையில் வீரர் பெயரும், கீழே விதவை பெயரும் இருக்கும். பக்கத்தில் விண்ணப்ப எண், சான்றிதழ் எண். விதவைக்குப் பென்ஷன் கிடைத்திருந்தால் கணவரின் காகிதங்களும் அந்தக் கோப்போடு சேர்ந்திருக்கும். ஆகவே இருக்கிற எல்லா எண்ணையும் படிவத்தில் எழுதுங்கள். எண்ணுக்கு முன் ‘எக்ஸ்.சி.’ என்று இருந்தால் கோப்பு முன்னாள் ராணுவத்தினர் துறையிடம் இருக்கக்கூடும், கேட்கும் வழி வேறு.

இன்னொரு குழி செயின்ட் லூயிஸ். அமெரிக்க ராணுவக் கோப்பு என்று தேடினால் முதலில் வருவது செயின்ட் லூயிஸில் உள்ள மையமும் எஸ்.எஃப். 180 படிவமும்தான். அது பிற்காலப் போர்களுக்கு. உள்நாட்டுப் போர்க் கோப்புகள் வாஷிங்டனில், பென்சில்வேனியா அவென்யூவில் உள்ள பழைய காப்பகக் கட்டடத்தில் இருக்கின்றன. மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் இன்னொரு பெரிய கட்டடம் உண்டு, அங்கேயும் போய் நிற்காதீர்கள்.

வாஷிங்டன் பக்கம் போகிற வேலை இருந்தால் நேரிலேயே பாருங்கள், கோப்பு பார்க்கக் காசில்லை. போட்டோ அடையாள அட்டை காட்டினால் ஆராய்ச்சியாளர் அட்டை இலவசமாகத் தருவார்கள். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில்தான். ஃபிளாஷ் இல்லாமல் போனில் படமெடுக்கலாம். கோப்பை எடுத்துவரக் குறிப்பிட்ட நேரங்கள் உண்டு. வார நாளில் காலையிலேயே சீட்டுக் கொடுத்துவிட்டால் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

தபாலில் என்றால் வாரக் கணக்கு, சில சமயம் மாதக் கணக்கு. மே மாத ப்ராஜெக்ட்டுக்கு டிசம்பரிலேயே படிவம் போட்டுவிடுங்கள். நான் மார்ச்சில் போட்டவன். அரசு முடக்கம் வந்தால் அதுவும் நின்றுபோகும்.

8. அட்டைகளைப் படிப்பது

சேவைக் கோப்பு வந்ததும் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: மாதம், ரெஜிமென்ட் எங்கே, நம் ஆள் எங்கே, எந்தக் காகிதம் சொல்கிறது. எங்கள் தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘1863 மே–ஜூன் | வர்ஜீனியாவிலிருந்து வடக்கே நடை | ஆஸ்பத்திரி, உடல்நலமில்லை | மஸ்டர் அட்டை’. அடுத்த அட்டையிலும் அதே ஆஸ்பத்திரி. அதாவது ஜூலை 1 அன்று கெட்டிஸ்பர்க்கில் 496 பேர் இறங்கியபோது இவர் அவர்களில் இல்லை. பையன் முகம் விழுந்துவிட்டது. பேசாமல் கெட்டிஸ்பர்க்கில் சண்டை போட்டதாகவே எழுதிவிடலாமா என்றுகூடக் கேட்டான். ரெஜிமென்ட் இருந்த இடமெல்லாம் ஆள் இருந்தார் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய தப்பு. ஏறக்குறைய எல்லோரும் செய்கிறார்கள்.

அட்டையில் ‘நாட் ஸ்டேட்டட்’ என்று இருந்தால் விவரம் எழுதவில்லை என்று மட்டும் பொருள், ஆள் இல்லை என்று பொருளில்லை. ‘டெசர்டட்’ என்று பார்த்ததும் ஓடிப்போனவர் என்று முடிவுகட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவரைக் கம்பெனிக்குத் தகவல் வராததால் ஓடிப்போனவராக எழுதி, பிற்பாடு அந்தக் குற்றச்சாட்டை நீக்கிய அட்டைகள் நிறைய உண்டு. கட்டின் கடைசி அட்டை வரை புரட்டுங்கள். ‘பவுன்டி 25 பெய்ட், 75 டியூ’ என்றால் அரசு அறிவித்த 100 டாலர் ஊக்கத்தொகையில் கால் பங்குதான் கைக்கு வந்தது என்று கணக்கு.

போருக்குப் பிறகு ஆள் எங்கே போனார் என்று தேட, 1890இல் முன்னாள் வீரர்களுக்குத் தனியாக எடுத்த கணக்கெடுப்பு உதவும். இங்கிலீஷ் அகர வரிசையில் கென்டக்கிக்கு முந்தைய மாநிலங்களுடைய தாள்கள் அழிந்துவிட்டன. மிச்சிகன் தப்பித்தது. இல்லினாய், இன்டியானாக்காரர்கள் இந்தப் படியை விட்டுவிடலாம்.

9. மாநிலத்துக்குள் இருக்கும் பெட்டிகள்

டையரிகளும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் எல்லாம் இணையத்தில் வந்துவிடவில்லை. எங்களுக்கு ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி நூலகம், டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் தொகுப்பு, லான்சிங்கில் மாநில ஆவணக் காப்பகம் மூன்றும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரக் காரில். நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்கு சாரடோகா ஸ்பிரிங்ஸில் மாநில ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. ரெஜிமென்ட் வாரியாகப் பத்திரிகைத் துண்டுகளே வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் மின்னஞ்சலில் ரெஜிமென்ட், கம்பெனி, எந்த வருஷம் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பெட்டி எண்ணையே சொல்லி அனுப்புவார்கள். வெறுமனே ‘உள்நாட்டுப் போர் பற்றி’ என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

10. இடத்துக்குப் போவதானால்

டெட்ராய்ட்டிலிருந்து கெட்டிஸ்பர்க் காரில் ஏறக்குறைய எட்டு மணி நேரம். போர்க்களத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட். 24வது மிச்சிகனின் நினைவுக்கல் ஊருக்கு மேற்கே மெரிடித் அவென்யூ ஓரமாக மரங்களுக்குள் நிற்கிறது. பெரும்பாலோர் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சண்டை நடந்த தெற்குப் பக்கத்தையே பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் முதல் நாள் களத்தை முதலில் பாருங்கள், காலையில் கூட்டமே இருக்காது. சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் நல்லது.

நாங்கள் ஆகஸ்டில் போனோம். பையன் அந்தத் தாளையும் எடுத்து வந்திருந்தான். கல்லுக்குக் கீழே உட்கார்ந்து, ‘நம் ஆள் எங்கே’ பத்தியில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே அன்றைய தேதியைப் போட்டு, ‘அவருக்குப் பதில் நான் வந்தேன்’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டான்.